வெள்ளிக்கிழமை அனுப்பாத பெண்

மாமா,

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். வைத்துக்கொடுக்க ஒரு கைத்தறிச் சேலை வாங்கி வந்து நேற்று மடிப்பைப் பிரித்தேன். கஞ்சி வாடை குப்பென்று அடித்தது. உங்கள் சட்டையிலும் துண்டிலும் எப்போதும் இருந்த வாடை. உறையூரில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து நாள் முழுக்கப் புதுத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து விற்றவருக்கு வேறென்ன வாடை வரும்? அந்த வாடையோடு முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் முகம் இல்லை, உங்கள் பிடிவாதம்தான். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் உங்களோடு உட்கார்ந்து ஒரு பாட்டம் சண்டை போட்டால் தேவலை என்றிருக்கிறது. நேரில் ஒருநாளும் போட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை நீளும். என் மேல் ஒருநாளும் நீண்டதில்லை, அம்மா மேல் நீண்டது. "என் தங்கச்சி இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் விவாகரத்து என்றால் தெருவே வாயில் கை வைக்கும். தங்கச்சிக்காக வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றவர் நீங்கள். முதலில் பிரிந்திருக்கலாம் என்று உத்தரவு வாங்கி, பிறகு சில வருடம் நடையாய் நடந்து விவாகரத்தும் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்கெல்லாம் துணிந்த மனிதர் ஒரு கிழமைக்குப் பயந்தீர்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

விவாகரத்து கிடைத்தபோது அறுபதுகளின் தொடக்கம், நான் நான்காம் வகுப்பு. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. கோர்ட்டில் இங்கிலீஷில் படித்தபோது நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்து அத்தை கொடுத்த மோரைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமையா?" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் உங்களுக்கு எப்படி என்று தெருவுக்கே தெரியும். அன்றைக்குக் கடையில் கடன் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி உப்புகூட வெளியே போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு தலை சீவினால் அத்தைக்குத் திட்டு விழும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை பார்த்து, அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஒரு பெண் குழந்தை வெளியே போவதா? போனால் லட்சுமியே போன மாதிரி. வக்கீலிடம் ஓடினீர்கள், நானும் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"சார், வெள்ளிக்கெழம வேணாம், சனிக்கெழமன்னு மாத்தித் தரச் சொல்லுங்க."

"அதுக்கு இன்னொரு மனு போடணுமே. காரணம் என்னன்னு எழுதுறது? லட்சுமி வீட்ட விட்டுப் போயிடுவான்னா? ஜட்ஜ் சிரிப்பாருங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. அவரு வீட்ல பொம்பளப்புள்ள இல்லையா?"

வக்கீல் மனு போடவில்லை. நீங்களும் என்னை அனுப்பவில்லை. முதல் வாரம் சனிக்கிழமை காலையில்தான் அத்தையோடு போனேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் வராததைப் பார்த்த அப்பா, சைக்கிளை மிதித்துக்கொண்டு உறையூருக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடி என்னைத்தான் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்க மாமாகிட்ட சொல்லு. நாங் கேக்குறது பிச்ச இல்ல, கோர்ட்டு உத்தரவு. அடுத்த தடவ நான் வர மாட்டேன், நோட்டீஸ்தான் வரும். பொண்ண மொத்தமா எங்கிட்டயே குடுங்கன்னு கேட்டு வாங்கிக்குவேன்னு சொல்லு."

நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில், வீட்டை ஒட்டிய கடை வாசலில்தான் நின்றிருந்தீர்கள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கெழம பொட்டப்புள்ளைய அனுப்புற வழக்கம் நம்ம வீட்ல இல்லன்னு சொல்லு பாப்பா" என்றீர்கள். ஒரு காலத்தில் மச்சான், மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டவர்கள். விவாகரத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதனால் நடுவில் நான். எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நான்கடி உயரத்தில் ஒரு தபால்காரி. நான் எதையும் யாரிடமும் சொல்லாமல் நின்றேன். இரண்டு பேருக்கும்தான் காது நன்றாகக் கேட்டதே.

நோட்டீஸ் வந்தது. உத்தரவை மதிக்காதவர்களிடம் பிள்ளையை விட்டுவைக்க முடியாது என்று அதில் எழுதியிருந்ததாம். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டில் இருந்துகொண்டு உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள் அவள். ஒருநாள் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ரசம் ஊற்ற வந்தவள் ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள்.

"அண்ணே, லட்சுமி போயிடுவாளோன்னு உங்களுக்குப் பயம். எனக்கு எம் பொண்ணு போயிடுவாளோன்னு பயம். லட்சுமி போனா இன்னொரு நாளைக்கு வருவா. எம் பொண்ண கோர்ட்டு தூக்கிக் குடுத்துட்டா எனக்கு யாருண்ணே திருப்பித் தருவா?"

குரலை உயர்த்தக்கூட இல்லை.  அத்தைதான் கரண்டியை வாங்கி ரசத்தை ஊற்றினாள். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாளை மாற்றிக்கொள்ள முடியாத மாமா என்ன மாமா என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் நீங்கள் நின்றீர்கள், கையில் ஒரு பை, பையில் உங்கள் வேட்டியும் துண்டும். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டு, அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டு வைத்து உங்கள் தீர்ப்பைச் சொன்னீர்கள்.

"பொண்ண அனுப்புனாத்தான தப்பு? நான் அனுப்பல. கோயிலுக்குப் போறாப்புல நானே கூட்டிக்கிட்டுப் போறேன், நானே கூட்டிக்கிட்டு வாறேன். அவள விட்டுட்டு நான் மட்டும் திரும்பி வந்தா அனுப்பிச்சதா ஆயிடும். அதனால ஞாயித்துக்கெழம வரைக்கும் நானும் ஸ்ரீரங்கத்துலயேதான் இருப்பேன்."

"கடை?" என்றாள் அத்தை.

"நீ பாரு."

ஜட்ஜும் வக்கீலும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்றைக்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது நம் வெள்ளிக்கிழமைப் பயணம். உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ். உத்திர வீதியில் அப்பா வீட்டு வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "போ பாப்பா" என்பீர்கள். அப்பாவின் அக்கா, பெரியத்தை, அவருக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். அவளுக்கு உங்கள் நம்பிக்கை நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவளுக்கும் அதே நம்பிக்கைதான். "வாடி என் தங்கமே! வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வெக்கிற நேரத்துல லட்சுமி எங்க வீடு தேடி வந்துட்டா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். உங்கள் தாடை இறுகுவது எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும்.

காவேரிப் படித்துறை இருக்கும் அம்மா மண்டபத்துப் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கினீர்கள். சனிக்கிழமை காலையும் மாலையும் அந்த வீதியில் நடந்துபோவீர்கள். கோயிலுக்குப் போகிறவர் போல நேரே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள், ஆனால் எங்கள் ஜன்னல் வந்ததும் நடை மெதுவாகும். அப்பாவுக்கு அது பொறுக்காது. "உங்க மாமன் என்ன, டியூட்டி போலீஸா?" என்று என்னிடம் எரிந்து விழுவார். ஆனாலும் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் மாமா. அந்த இரண்டு நாளும் அவர் என்னைத் தரையில் விட்டதில்லை. சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கொள்ளிட மணலுக்குக் கூட்டிப்போவார். நகம் வெட்டி விடுவார். நுங்கைத் தோண்டித் தோண்டி என் வாயில் போட்டுவிட்டு, "உங்கம்மா என்னயப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா?" என்று மெல்லக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள், என் தலையை முகர்ந்து பார்ப்பாள், அங்கே என்ன எண்ணெய் வைத்தார்கள் என்று. அங்கே சிரித்ததை இங்கே சொல்லக் கூடாது, இங்கே தூங்கியதை அங்கே சொல்லக் கூடாது என்று நானாகவே கற்றுக்கொண்டேன். வாய் ஓயாத பிள்ளை என்று பெயரெடுத்தவள் ஊமையாகிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அத்தை கடையில் உட்கார்ந்த சனிக்கிழமைகளில் வியாபாரம் கூடிவிட்டது. உங்கள் உர்ரென்ற முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சேலை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, கூட உட்கார்ந்து முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டும் அத்தை பிடித்துப்போனாள். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வெள்ளிக்கிழமை என்னாவது?

பிறகு அந்தக் கோடை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலையிலேயே அப்பா ஒரு புதுப் பையைத் திறந்து காட்டினார். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, பென்சில், ரப்பர். "நாளைலேந்து நீ இங்கயே ஸ்கூலுக்குப் போற. பேசியாச்சு" என்றார்.  பாவாடை அழகாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் இங்கே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டால், பிள்ளை இங்கேயே இருக்க ஆசைப்படுகிறாள் என்று கோர்ட்டில் சொல்லிவிடலாம் என்று பெரியத்தை சமையலறையில் பேசியதை நான் கேட்டேன்.

நீங்கள் வழக்கம்போல நான்கு மணிக்கே வந்து நின்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும் உங்களுக்கு. பெரியத்தை என்னை உட்கார வைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். பின்னினாள், கோணலாகிவிட்டது என்று அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், ரிப்பன் சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னினாள். நாலரை அடித்ததும் முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ராகு காலம் வந்துடுச்சே. இப்ப பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதே. முடியட்டும்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்கள் சாமியை வைத்தே உங்களைக் கட்டிப்போட்டுவிட்டாள். ஆறு மணி வரை அந்த வெயிலில் எதிர்ப்பக்கம் நின்றீர்கள். யாரோ கொடுத்த தண்ணீரையும் வேண்டாம் என்றுவிட்டீர்கள், அந்த வீதித் தண்ணீர் உங்களுக்கு ஆகாது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷனுக்கு இதற்கு மேல் வழி தெரியாது, சாஸ்திரம் பார்த்துப் பார்த்தே என்னை இங்கே விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காத்திருப்பாள் என்பதும் தெரியும்.

ஆறு அடித்தது. பெரியத்தை விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

"வெளக்கு வெச்சாச்சு. வெளக்கு வெச்சப்புறம் பொண்ண அனுப்புற வழக்கம் இந்த வீட்லயும் இல்லன்னு சொல்லு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லு பாப்பா."

நான் வாசலுக்குப் போனேன். சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. "மாமா, நாளைக்கு இங்க ஸ்கூலுக்குப் போகணுமாம்" என்றேன். 

நீங்கள் தெருவைத் தாண்டி வந்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள். தங்கச்சி மிதிக்க மாட்டாள் என்று நீங்கள் சொன்ன அதே வாசற்படியை மிதித்து உள்ளே வந்தீர்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் வலது கை மூடிக்கொள்வதைப் பார்த்தேன், அந்தக் கை எனக்குத் தெரியும். நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் நிற்கவில்லை. என்னை நடுவில் வைக்காமல், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, நேரே அவரைப் பார்த்துப் பேசினீர்கள்.

"மாப்பிள்ள."

அப்பா திடுக்கிட்டுப் போனார். பெரியத்தைதான், "இப்ப யாருக்கு யாரு மாப்பிள்ள?" என்றாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"மாப்பிள்ள, வாராவாரம் வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கிற நேரத்துல, எங்க வீட்டு லட்சுமிய உங்க வாசல்ல கொண்டாந்து விட்டிருக்கேன். விட்டுட்டு அந்தச் சத்திரத்துல ஒரு ராத்திரி கண்ண மூடுனதில்ல, என் வீடு என்னாகுமோன்னு. ஒண்ணும் ஆகல. என் வீடு நிக்குது. நீங்க இந்த ஞாயித்துக்கெழம குடுங்க. உங்க வீடும் நிக்கும்."

 தெருவில் ஏதோ வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்பாவின் கை மெதுவாகத் திறந்தது. என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டு நின்றேன், அவரை விட்டுப் போகவும் அழுகை, போகாமலிருக்கவும் அழுகை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் அந்தப் புதுப் பையை எடுத்துவந்து என் தோளில் மாட்டினார். "அங்க ஸ்கூல்லயும் இதே நீலந்தான? போட்டுக்க" என்றார். பிறகு உங்களிடம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க" என்றார். பெரியத்தை என்னவோ முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. நான் தனியாகப் பஸ் ஏறும் வயது வரும் வரைக்கும் வாராவாரம் நம் பயணம் நடந்தது. இவ்வளவு ஆன பிறகாவது உங்கள் வெள்ளிக்கிழமைப் பித்து தெளிந்ததா? அதுதான் இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு தலைப் பிரசவம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பினபோது, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் நிறுத்தி வைத்தீர்கள். என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான் சிரித்துக்கொண்டே பெட்டியை மறுபடி பிரித்தேன். உங்களிடம் கோபித்துக்கொள்ள எனக்கு அன்றைக்கும் மனசு வரவில்லை, இன்றைக்கும் எழுத உட்கார்ந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் கடைசி வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேரின் கடைசிக் காலத்திலும் நான் பக்கத்தில் இருந்தேன், ஒருவருக்குப் பயந்து இன்னொருவரிடம் ஒளிந்து போகாமல் இருந்தேன். என் கூடப் படித்த ஒருத்திக்கு இதே மாதிரி வீடு. அவள் அம்மாவிடம் வளர்ந்தாள், அப்பா செத்ததை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். நான் அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் கோர்ட் உத்தரவு இல்லை மாமா. அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததுதான். அதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பஸ் காவேரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. உங்கள் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டீர்கள்.

"பாப்பா, அங்க இருக்கணும்னு உனக்கு ஆசையா? நெசத்தச் சொல்லு. மாமா கோவிச்சுக்க மாட்டேன்."

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கோர்ட் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, அம்மாவுக்குக் கேட்கப் பயம். எதைச் சொன்னால் யார் உடைந்துபோவார்களோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாசற்படி மிதித்து வந்து என்னைக் கூட்டிப்போகிறவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு எடத்துலயும் இருக்கணும் மாமா" என்றேன். "அப்பாவும் வேணும்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"சரி" என்றீர்கள். "அப்ப ரெண்டு எடத்துக்கும் நான் கூட வாறேன்."

வந்தீர்கள், மாமா.